எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை

1

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். அவை காதால் கேட்டு வாயால் சொல்லப் பழகியவை. எழுத்தாகப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரிவது ஒன்றே ஒன்று. கேர்.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் கருக்கரிவாள் மாதிரி வளைந்த ஒன்று. பக்கத்தில் வயிறு தள்ளி நிற்கும் ஒன்று. மூன்றாவது, முளைவிட்ட பயறு. கடைசியில், குச்சியால் தொட்டதும் சுருண்டுகொண்ட மரவட்டை. நாலும் சேர்ந்தால் கேர். என் மருமகள் கவிதாவின் வேலைச் சட்டைப் பையில் வெள்ளை நூலால் தைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவது நான்தான். தினமும் என் கண்ணுக்கு நேராகத் தொங்கும்.

“இது என்னாம்மா எழுதியிருக்குது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேருங்க அத்தே. பாத்துக்கறதுன்னு அர்த்தம்.”

“யாரப் பாத்துக்கறது?”

“வயசானவங்களத்தான். வேற யார?” என்று சிரித்தாள். அவள் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இந்த நாட்டில் அதைக் கேர் ஹோம் என்கிறார்கள்.

கடத்தூர்ப் பக்கம் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அறுபத்தாறு வயது வரைக்கும் தர்மபுரி தாண்டாத நான், மகன் செந்திலோடு மெல்போர்ன் நகரத்து ஓரத்தில் வந்து இருக்க ஆரம்பித்து இந்த ஆடிப் பதினெட்டோடு ஆறு வருஷம். அன்றைக்கு ஊரில் நீங்களெல்லாம் ஒகேனக்கல்லில் தலை முழுகிக்கொண்டிருந்திருப்பீர்கள். இங்கே குளிர் எலும்பைக் கடித்தது. தபால் பெட்டியில் ஈரம் கோத்துக் கிடந்த ஒரு கனமான உறையை எடுத்தேன். மேலேயே அந்த நாலு எழுத்து. உள்ளே மூன்று தாள். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினேன். ஒன்பது இடம். ஒரு வார்த்தை ஒரு மனுஷியைத் தேடி ஒன்பது தரம் வந்தால் அது நல்லதற்கு வராது என்று அப்போதே எனக்குப் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி யாழினி நின்றவாக்கில் படித்துச் சொன்னாள். “ஆயா, நீங்க கேர் ஹோம்ல போய் இருக்கலாமாம். பர்மிஷன் குடுத்திருக்காங்க.”

நான் கேட்காத பர்மிஷன்.

இந்த வீட்டிலேயே இருப்பேனா, அங்கே போவேனா என்பது அன்றையிலிருந்து முந்தாநாள் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தாநாள் ஒருவழியாக முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது ஆகும். ஊரில் இருக்கும் என் தங்கை மகள் இதைச் சீர்படுத்தித் தருவாள். சேதி மட்டும் என்னுடையது.

2

கேர் என்ற வார்த்தை எனக்கு இங்கே வந்து பழக்கமானது இல்லை. ஊரிலேயே அது எனக்குச் சொந்தம்.

எங்கள் ஊருக்குள் போக ஓடை ஒன்றைக் கடக்க வேண்டும். தபால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்க மாட்டார். எங்கள் வீடு இந்தக் கரையில், ரோட்டு ஓரமாக இருந்தது. ஆகவே ஊர்க் கடிதம் எல்லாம் என்னிடம் வரும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவள், பட்டாளத்தில் இருந்தவன், எல்லாரும் உறையின் மேல் ‘கேர் ஆஃப் மாதம்மாள்’ என்று எழுதினார்கள். மாதம்மாள் நான்தான். சரளமாகப் படிக்க வராது என்றாலும் இன்ன கையெழுத்து இன்னார் வீட்டுப் பிள்ளையுடையது என்று தெரியும். தண்ணீர் படாமல், எலி கடிக்காமல் உறியில் வைத்திருந்து, உரியவர் வந்ததும் எடுத்துக் கொடுப்பேன். ஒரு கடிதம் தொலைந்ததில்லை. ஆகவே கேர் என்றால் அடுத்தவர் பொருளைக் கெடாமல் வைத்திருந்து உரியவரிடம் சேர்ப்பது என்று நானாக ஒரு அர்த்தம் வைத்திருந்தேன்.

பிறகு செந்தில் படித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போனான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். மாடு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் “டேக் கேர்மா” என்பான். பத்திரமாக இரு என்று அர்த்தமாம். அது வந்ததென்றால் இனி பேச்சு இல்லை, போனை வைக்கப் போகிறான் என்று தெரிந்துகொள்வேன். சில வாரம் வணக்கம் சொன்ன சூட்டிலேயே வந்துவிடும்.

இங்கே வந்த பிறகு அந்த வார்த்தையை ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். பச்சைக் குழந்தைகளை விட்டுவிட்டுத் தாய்மார்கள் வேலைக்கு ஓடும் இடத்துக்கு டே கேர். மருமகளின் முகப் பசைக் குப்பியில் ஸ்கின் கேர். கடைக்காரி சாமானைக் கையில் தந்து டேக் கேர் என்பாள். சொல்லும்போதே அவள் கண் அடுத்த ஆள் மேல் இருக்கும். பேத்திக்குப் பதினைந்து வயது. எதைக் கேட்டாலும் “ஐ டோன்ட் கேர்” என்பாள்.

“அப்படின்னா என்னா பாப்பா?”

“ஒண்ணும் இல்ல ஆயா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா அத்தன வேகமா கதவச் சாத்தற?”

கவனித்துப் பாருங்கள். போனை வைக்கிறவன், குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறவள், கதவைச் சாத்துகிறவள் எல்லாரும் விட்டுப் போகிற நேரத்தில்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். கூடவே இருக்கிறவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு வார்த்தையும் இருந்ததாக ஞாபகம் இல்லை. மாமியார் படுத்த படுக்கையாக இரண்டு வருஷம் கிடந்தார். அதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. பீ மூத்திரம் அள்ளினோம், அவ்வளவுதான்.

3

எல்லாம் கீரையில் ஆரம்பித்தது.

தை மாதம் இங்கே கொளுத்தும் வெயில் காலம். வீட்டுக்குப் பின்னால் ரயில் வேலி ஓரமாக நடக்கப் பாதை உண்டு. ஒருநாள் காலையில் அங்கே சுக்குட்டிக்கீரை தழைத்துக் கிடந்தது. மணத்தக்காளி என்று சொல்வீர்களே, அதுதான். கருகருவென்று பழம். அஞ்சு வருஷத்துக்குப் பிறகு அதைக் கண்ணால் கண்டால் சும்மா போக முடியுமா? முந்தானையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிடி கீரை, ஒரு வாய் பழம்.

நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். என்னைப் பார்த்ததும் “நோ, நோ!” என்று கத்தினாள். எதிரில் ஒருத்தர் நிற்க நாம் மட்டும் தின்பது முறையில்லை அல்லவா? ஒரு பிடி பழத்தை அவளிடம் நீட்டினேன். அவள் பேய் அறைந்த மாதிரி பின்னால் போய் போனை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

அந்தப் பழம் இந்த நாட்டுக்காரர்களுக்கு விஷமாம். அது மாதிரியே இன்னொன்று இருக்கிறதாம், தின்றால் ஆள் காலியாம். நான் என்ன சொன்னாலும் அவர்களுக்கு விளங்கவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, மார்பில் ஒயர் ஒட்டி, நான்கு மணி நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக் கதவிலும் அந்த நாலு எழுத்து இருந்தது. எனக்கு ஆனதெல்லாம் பசி ஒன்றுதான்.

ஆபீஸ் சட்டையோடு செந்தில் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“ஏம்மா, கண்டதையும் பறிச்சா திம்பாங்க?”

“கண்டதாடா அது? வாய்ப்புண்ணு வந்து நீ அழுதப்ப எத ஆஞ்சு கடைஞ்சு ஊட்டுனேன்?”

“அது ஊருல. இங்க ரயில் ரோட்டு ஓரத்துல குந்திக்கினு பேரு, அட்ரஸு சொல்லத் தெரியாம...”

“எனக்கா தெரியல? அவங்களுக்குத் தமிழ் தெரியல.”

சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு தாள் எழுதினார்கள். வழி தெரியாமல் அலைந்தவள், விஷக் காய் தின்றவள், வீட்டில் பகலில் தனியாக விடப்படுகிறவள் என்று அதில் இருந்ததாகக் கவிதா பிற்பாடு சொன்னாள். ஆஸ்பத்திரித் தாள் வேறொரு ஆபீசுக்குப் போனது. அந்த ஆபீசிலிருந்து பங்குனியில் ஒரு அதிகாரி அம்மா வீட்டுக்கு வந்தாள்.

4

நல்ல பெண். ஐம்பது வயது இருக்கும். சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினாள். போனை மேசை நடுவில் வைத்து, தமிழ் தெரிந்த ஒருத்தியை அதில் கூப்பிட்டாள். போனில் வந்தவள் இலங்கைத் தமிழச்சி. குரல் பாலில் நனைத்த மாதிரி இருந்தது.

“வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை நான் இவவுக்கு இங்கிலீஷில சொல்லுவன். இவ சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இந்த அறையில ஆர் என்ன கதைச்சாலும் சொல்லவேணும், அது எங்கட சட்டம்.”

“சரி தாயி, சொல்லு.”

செந்தில் அன்று வீட்டிலிருந்தே வேலை. பக்கத்து அறையில் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தான். கவிதா வேலைக்குப் போயிருந்தாள். நானும் அதிகாரியும் போனும்தான்.

“உடம்பு எப்பிடி இருக்கு எண்டு கேக்கிறா அம்மா.”

“எங்க தாயி, என்னமோ இழுத்துக்கிட்டுக் கெடக்கறேன்.”

“தனியக் குளிக்க ஏலுமோ எண்டு கேக்கிறா.”

“எலும்பும் தோலுமா இருக்கறவ என்னாத்தக் குளிக்கறது? யாராச்சும் ஊத்திவுட்டாத்தான் உண்டு.”

“சமைக்கிறனீங்களோ?”

“நான் எங்க சமைக்கறது? மருமவ போடறதத் தின்னுட்டு மூலையில கெடக்கறேன். மவராசி, நல்லா இருக்கட்டும்.”

“நடக்கிறது?”

“காலு ரெண்டும் என்னுதான்னே தெரியல.”

“ஞாபகசக்தி எப்பிடி?”

“புத்தி மழுங்கிப் போச்சு தாயி. நேத்துத் தின்னது இன்னிக்கி நெனப்பு இல்ல.”

போனில் இருந்தவள் கொஞ்சம் தயங்கினாள். “அம்மா, நான் இதை அப்பிடியே சொல்லட்டோ?”

“சொல்லு. பொய்யா சொல்றேன்?”

அவள் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தாள். இடையில் நிமிர்ந்து என் கையைப் பிடித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. வந்தவளுக்கு நம் வீட்டில் மரியாதையாகப் பேசி அனுப்பினோம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு விடிந்ததும் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, நாலு பேருக்குக் களி கிண்டி, சுக்குட்டிக்கீரை கிடைக்காததால் முருங்கைத்தழை கடைந்து, திரைச்சீலை எல்லாம் கழற்றித் துவைத்து, நாற்காலி மேல் ஏறி நானே மறுபடி மாட்டியிருந்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே அவை இன்னும் ஈரம் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

5

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர்கள் படித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

மாடு எட்டு லிட்டர் கறக்கும். கேட்டால், “என்னமோ ரெண்டு சொட்டுக் காட்டுது” என்போம். கொல்லைக் காட்டில் கேழ்வரகு இடுப்புயரம் நிற்கும். “இந்த வருஷம் குருவிக்கே பத்தாதுங்க” என்போம். கொழுகொழு என்று பிள்ளை இருக்கும். “சோறே எறங்கலீங்க இவனுக்கு” என்போம். பொய் என்று கேட்கிறவருக்கும் தெரியும். அவர் வீட்டில் அவரும் அதையேதான் சொல்வார். இருப்பதை இருக்கிறது என்று அயலார் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். உடம்பைப் பற்றிச் சொல்லவே கூடாது.

என் வீட்டுக்காரர் இதை ஒருநாள் மீறினார். மாட்டுச் சந்தையில் வைத்து ஒரு தரகன், “இந்த வயசுலயும் வேங்கைக் கட்டையாட்டம் நிக்கறியே மாமா, எப்படி?” என்று கேட்டான். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எனக்கென்னாடா? இந்நாள் வரைக்கும் ஒரு ஊசி போட்டவன் இல்ல. இன்னம் இருவது வருஷத்துக்கு எமன் நம்மூருப் பக்கம் வரமாட்டான்” என்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் காலடி மண்ணை எடுத்துவந்து வீட்டில் சுற்றிப் போட்டேன்.

நாற்பது நாள். கடலைக் கொல்லையில் களை பார்த்துக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், சாய்ந்தார், முடிந்தது. ரத்தக் கொதிப்பு, முன்னமே பார்த்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இருக்கலாம். டாக்டர் படித்தவர். ஆனால் அவர் சந்தையில் என்னோடு நின்றவர் இல்லை.

அதற்குப் பிறகு நான் நன்றாக இருக்கிறேன் என்று என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகனிடம்கூட.

6

கடிதம் வந்த அன்று செந்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் தாள்களை அவன் முன்னால் போட்டேன்.

“யாரைக் கேட்டுடா என்னைப்பத்தி எழுதுனாங்க?”

அவன் நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான். “யாரையும் கேக்கலம்மா. எல்லாம் நீ சொன்னதுதான். குளிக்க ஆளு வேணும். சமைக்க முடியாது. காலு உணர்ச்சி இல்ல. நேத்துத் தின்னது மறந்துபோவுது.”

“அட கூறுகெட்டவனே, அது ஊர்ப் பேச்சுடா! மாடு ரெண்டு சொட்டுக் கறக்குதுன்னு சொன்னா அதை நம்பி எவனாச்சும் பால் சங்கத்து ரெஜிஸ்டர்ல எழுதுவானா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். கவிதாவும் வந்து கேட்டுவிட்டு, “அய்யோ அத்தே!” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒரே சிரிப்பாக இருந்தது அந்த அறை. அப்புறம் அவன் சிரிப்பு முதலில் நின்றது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் சமமாக இருக்கும்படி அடுக்கினான்.

“இருந்தாலும்,” என்றான், “வந்தது வந்துது. போய் ஒருக்கா பாத்துட்டு வரலாம்மா. பாக்கறதுல என்னா?”

மறுவாரம் கூட்டிப் போனார்கள். கவிதா வேலை பார்க்கும் இடம் இல்லை, வேறு. வாசலில் அந்த நாலு எழுத்து ஆள் உயரத்துக்கு நின்றது. நல்ல சுத்தம். பூச்செடி. பெரிய டிவி. அதன் முன்னால் பத்துப் பதினைந்து பேர், ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. என் வயசுக்காரி ஒருத்தி மடியில் பொம்மையை வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள், சத்தம் போடாதே, தூங்குகிறது என்று. திரும்பி வரும்போது பார்த்தேன். உள்ளே போகக் கதவைத் தள்ளினால் போதும். வெளியே வரத்தான் சுவரில் ஏதோ எண்ணை அழுத்த வேண்டியிருந்தது. செந்தில் அந்த எண்ணை ஒரு பெண்ணிடம் கேட்டு அழுத்தினான். எனக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கவிதா இடுப்பில் சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தே, நான் ஒரு நாளைக்குப் பன்னெண்டு பேரத் தூக்கி உக்கார வெக்கறேன். வூட்டுக்கு வந்தா நிமிர முடியல. நாளைக்கு உங்களயும் தூக்கற மாதிரி வந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்குதுங்க.”

“என்னைத் தூக்கற நாள் வந்தா அதுக்கு நாலு ஆம்பளைங்க வருவாங்க. நீ ஒருத்தி தூக்க வேண்டியதில்ல.”

“அப்படிப் பேசாதீங்க.”

“வேற எப்படிப் பேச?”

அவள் அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரார் தாய்மாரையெல்லாம் சம்பளத்துக்குத் தூக்குகிறவளுக்குச் சொந்த வீட்டுக்கு மிச்சம் வைக்க இடுப்பில் என்ன இருக்கும்? ஆனால் அவள் எழுந்து போகும்போது இன்னொன்று சொன்னாள். “போன வாரம் யாழினிய சாந்தின்னு கூப்புட்டீங்க அத்தே. ரெண்டு தடவ.”

சாந்தி செத்துப்போன என் தங்கை. வாய் தவறுவது எல்லாருக்கும் வருவதுதான். அவள் அதை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் எனக்குப் புதிது. அதற்கப்புறம் நான் உப்பு டப்பாவைத் தேடினாலும், மூடின கதவைத் திரும்ப இழுத்துப் பார்த்தாலும், முதுகுக்குப் பின்னால் வீடு சட்டென்று அமைதியாகிவிடும்.

அன்று சாயங்காலமே செந்திலிடம் சொன்னேன். “அந்தம்மாவ இன்னொரு தரம் வரச்சொல்லு. இந்த வாட்டி உள்ளத உள்ளபடி சொல்றேன்.”

“வரச்சொல்றேன்மா.”

“நீயும் கூட உக்காரணும்.”

“உக்கார்றேன்மா,” என்றான். ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

7

முந்தாநாள் வந்தாள். அதே அதிகாரி. என் அதிர்ஷ்டம், போனிலும் அதே இலங்கைத் தமிழச்சி. செந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மடியில் நாலு கல் உப்பும் இரண்டு மிளகாயும் முடிந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கும்போது என் ஆயுளை நானே ஏலம் போடுகிற மாதிரி இருந்தது.

“தாயி, சொல்லு அந்தம்மாவுக்கு. எனக்கு ஒரு நோவும் இல்ல. நானேதான் குளிக்கறேன். இந்த வூட்டுல களி கிண்டறவ நான். துணி தொவைக்கறவ நான். கண்ணு தெரியும், காது கேக்கும். இந்தச் சந்து பொந்து அத்தனையும் எனக்குத் தெரியும். அன்னிக்கி நான் வழி தவறல. கீரை பறிச்சேன். அது வெஷமும் இல்ல.”

சொன்னால் போதாது என்று எழுந்து போய், சமையல் அறை மூலையில் இருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் தூக்கி, மேடைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதிகாரி பதறி எழுந்து, “கேர்ஃபுல், கேர்ஃபுல்!” என்றாள். இதிலும் அந்த வார்த்தைதான் முன்னால் வந்தது.

அவள் மெதுவாக உட்கார்ந்து பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அம்மா, போன முறை வேற மாதிரிச் சொன்னீங்களாம். அது உங்களுக்கு நினைவிருக்கோ எண்டு கேக்கிறா.”

“நெனவு இல்லாம? நல்லா இருக்குது.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு கேக்கிறா.”

சொன்னேன். எட்டு லிட்டர் மாட்டைச் சொன்னேன். கேழ்வரகைச் சொன்னேன். சந்தையையும், என் வீட்டுக்காரர் துண்டை உதறியதையும், நாற்பது நாளையும் சொன்னேன். போனில் இருந்தவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அந்த அன்புதான் எனக்குப் பிடிபடவில்லை. பொம்மையைத் தட்டிக்கொடுக்கிறவளிடம், ஆமாம், தூங்குகிறது என்று சொல்கிறவர்கள் முகத்தில் இருக்குமே, அது மாதிரி. நிறைய எழுதினாள். நான் அரிசி மூட்டையைத் தூக்கியதற்கு ஒரு வரிதான் எழுதினாள்.

பிறகு செந்தில் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் ஏதோ கேட்டாள்.

அவன் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டான். பத்தாம் வகுப்பில் ஒருதரம் தோற்றுப்போய் வந்து உட்கார்ந்த உட்காரல். அப்புறம் பேசினான். இங்கிலீஷில்தான் பேசினான். நீளமாகப் பேசினான். அதில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தை. நாலு தரம் வந்தது.

போனைப் பார்த்துக் கேட்டேன்.

“என்னா சொல்றான் தாயி?”

“அம்மா...” என்றாள். “அவர் உங்களுக்குப் பக்கத்திலதானே இருக்கிறார். நீங்கள் அவரிட்டயே கேக்கலாமே.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“உங்க சட்டம் என்னா சொல்லுது? இந்த அறையில யாரு பேசுனாலும் சொல்லணும்னு சொன்ன இல்ல? சொல்லு.”

அவள் ஒரு மூச்சு விட்டாள். அந்தப் பால் குரல் கொஞ்சம் திரிந்திருந்தது.

“மகன் சொல்லுறார் அம்மா. ‘அம்மா சொல்லுறது பொய் இல்ல. இண்டைக்கு அவவால எல்லாம் ஏலும். ஆனா ஏலாமல் போற நாள் வரேக்க எங்களால ஏலாது. மனிசி கவிதாவுக்கு இடுப்பு ஏலாது. நான் வேலையை விடேலாது. இப்ப ஒரு இடம் கிடைச்சிருக்கு, விட்டால் திரும்பக் கிடைக்க எத்தினை வருசமோ தெரியாது. அதால அந்த முதல் தாளில இருக்கிறது அப்பிடியே இருக்கட்டும். எங்களுக்கு அம்மாவில அக்கறை இல்லாமல் இல்ல. அக்கறை இருக்கிறபடியாலதான் சொல்லுறன். இதை அவவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல.’ அவ்வளவுதான் அம்மா.”

அதிகாரி பேனாவை மூடினாள். தெருவில் ஏதோ வண்டி பின்னால் வரும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

செந்தில் எனக்கு இரண்டு சாண் தூரத்தில் இருந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. பேசினால் தமிழிலேயே பேசியிருக்கலாம். நானும் அவனிடம் நேராகப் பேசவில்லை. மேசை நடுவில் இருந்த போனைப் பார்த்துக் குனிந்தேன்.

“தாயி, என் மவனுக்குச் சொல்லு. அவங்கம்மா கேட்டுக்கிட்டான்னு சொல்லு. திங்கக்கெழம வேணாம், செவ்வாயும் ஆவாது, புதன்கெழம கூட்டிட்டுப் போவச் சொல்லு.”

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள்.

அவன் போனைப் பார்த்துத் தலையாட்டினான்.